வலிக்கு மார்க் போடச் சொல்லும் தாள்

கேள்வி: எனக்கு ஐந்து வருடமாக மூட்டுகளில் முடக்குவாதம். மருந்து ஒத்துக்கொண்டிருக்கிறது, வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகும்போது, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நாலு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு, சட்டைப் பொத்தான் போட முடிகிறதா, தூக்கம் எப்படி, மனசு சோர்ந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேள்விகள். உள்ளே போகும்போது நன்றாகத்தான் இருக்கிறேன், நிரப்பி முடிக்கும்போது பெரிய நோயாளி ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் விரல்களையே கவனித்துக்கொண்டிருக்கிறேன். போன முறை, செத்துப்போனால் நல்லது என்று தோன்றியதா என்று ஒரு கேள்வி. அதுவரை நான் அப்படி நினைத்ததே இல்லை, இப்போது அந்த வாக்கியம் மண்டைக்குள் சுற்றுகிறது. "அந்தப் பேப்பர்தாம்மா உன்னை நோயாளி ஆக்குது, இனிமே எழுதாதே" என்கிறாள் மகள். நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்த வேண்டாம். ஆனால் நிரப்புகிற விதத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள், அந்தத் தாள் உங்களை என்ன பாடுபடுத்துகிறது என்பதை டாக்டரிடமே வாய் திறந்து சொல்லுங்கள். காரணத்தை நீளமாகவே எழுதுகிறேன். நீண்டகால நோய் உள்ளவர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் தொழில், நீங்கள் சொல்கிற மாதிரியான தாள்களை வாரத்தில் ஐந்து நாளும் பேனாவோடு சேர்த்து நீட்டுகிறவள் நான், அதனால் இரண்டு வரியில் ஆறுதல் சொல்லிவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை.

உங்களுக்கு நேர்ந்தது மனப்பிரமை கிடையாது. இப்போது உங்கள் இடது குதிகால் எதன் மேல் பட்டுக்கொண்டிருக்கிறது? நான் கேட்பதற்கு முன்னாலும் அது அங்கேதான் இருந்தது, அங்கிருந்து மூளைக்குத் தகவல் போய்க்கொண்டும் இருந்தது, நீங்கள்தான் கண்டுகொள்ளவில்லை. கேட்டதும் தெரிகிறது. நாள் முழுக்க உடம்பு அனுப்புகிற இப்படிப்பட்ட தகவல்களில் பெரும்பாலானவற்றை மனசு ஒதுக்கிவிட்டுத்தான் தன் வேலையைப் பார்க்கிறது. நாலு பக்கத் தாள் ஒன்று வந்து விரல் எப்படி, மணிக்கட்டு எப்படி, காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினால் ஒவ்வொன்றும் திறந்து பதில் சொல்லத்தான் செய்யும். திறந்த கதவுகள் மறுபடி சாத்திக்கொள்ள உங்களுக்கு இரண்டு நாள் பிடிக்கிறது, அவ்வளவுதான். மூட்டு மோசமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இதோடு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டால் விஷயம் இன்னும் பெரிதாகும். இத்தாலியில் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு மாத்திரை எடுத்துக்கொண்ட ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரிடம் மட்டும் இதனால் தாம்பத்திய உறவில் சிக்கல் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். 2007இல் முடிவு வெளிவந்தது. சொல்லப்பட்டவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேருக்கு அந்தச் சிக்கல், சொல்லப்படாதவர்களில் 15 சதவீதம் பேருக்குத்தான். இரண்டு பேருக்கும் கொடுத்தது ஒரே மாத்திரை. பக்கவிளைவுகளைப் பட்டியல் போட்டு இது உண்டா, அது உண்டா என்று கேட்கிற தாளும் கேட்கிற சாக்கில் இதையேதான் சொல்லிவிடுகிறது. புதிதாக ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று பொதுவாகக் கேட்கும்போது வருகிற பதிலைவிட, பட்டியலை நீட்டினால் விழுகிற டிக் அதிகம் என்பது மருந்து ஆய்வு செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அப்படிக் கூடுதலாக விழுகிற டிக்கெல்லாம் பொய் என்றும் நினைக்காதீர்கள். வெட்கத்தால் வாயால் சொல்லாத எத்தனையோ நிஜமான தொந்தரவுகள் டிக்காகத்தான் வெளியே வருகின்றன, என் அறையிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி மட்டும் என்றில்லை, அதன் கீழே அச்சாகியிருக்கிற பதில்களும் நம்மோடு பேசும். 1985இல் ஜெர்மனியில் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு பிரிவினருக்குக் கொடுத்த பதில்கள் 'அரை மணி நேரம் வரை' என்று தொடங்கி 'இரண்டரை மணிக்கு மேல்' என்று முடிந்தன. இன்னொரு பிரிவினருக்கு 'இரண்டரை மணி வரை' என்பதே முதல் கட்டம், அங்கிருந்துதான் மேலே ஏறியது. முதல் பிரிவில் 16 சதவீதம் பேர்தான் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னார்கள், இரண்டாவதில் 37 சதவீதத்துக்கும் மேல். நடுவில் இருக்கிற கட்டம்தான் ஊர் உலகத்தில் சாதாரணம் போல என்று மனசு தானாகவே எடுத்துக்கொண்டு, தன்னை அதற்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறது. உங்கள் தாளில் ஒரு பதிலைக் குறித்துவிட்டு, 'அடேயப்பா, நான் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டேனே' என்று வயிற்றில் ஒரு பிசைவு வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டங்கள் ஒரு மேஜையில் உட்கார்ந்து யாரோ போட்ட கோடுகள், உங்கள் உடம்பில் இருப்பவை கிடையாது.

வரிசையும் ஒரு காரணம். சிரமங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வைத்துவிட்டு அப்புறம் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பாரமாக இருக்கிறது என்றுதான் யாருக்கும் வரும். உலகம் முழுக்கப் புழங்குகிற எஸ்எஃப்-36 என்ற கேள்வித்தாளில் 'பொதுவாக உங்கள் ஆரோக்கியம் எப்படி' என்பதுதான் முதல் கேள்வி, விவரமெல்லாம் அதற்கப்புறம்தான். இந்த வரிசைதான் எனக்குப் பிடிக்கும்.

சரி, இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் நிரப்பச் சொல்கிறேன்?

கேள்விகள் நல்லதையும் செய்கின்றன, அதனால்தான். கனடாவில் ரத்த தானம் செய்கிறவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், மறுபடி ரத்தம் கொடுக்கிற எண்ணம் உண்டா என்பது போன்ற கேள்விகள் உள்ள தாளை அனுப்பினார்கள். அது வந்தவர்கள், வராதவர்களைவிட அதிகமாக ரத்தம் கொடுக்க வந்தார்கள். 2008இல் வெளிவந்த ஆய்வு இது. வற்புறுத்தவில்லை, கெஞ்சவில்லை, கேட்டார்கள். அதே வருடம் வெளிவந்த இன்னொரு ஆய்வில், உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விகள் கொண்ட மதுப் பழக்கத் தாளை நிரப்பிய மாணவர்கள், சில மாதம் கழித்துத் தாங்கள் குடிப்பது கொஞ்சம் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். நிஜமாகவே குறைந்ததா, கேட்கிறார்களே என்று குறைத்துச் சொன்னார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, இரண்டும் கலந்துதான் இருக்கும். இந்த மாதிரி விளைவுகள் எல்லாமே சின்னவைதான், ஒரு தாள் யாருடைய வாழ்க்கையையும் தலைகீழாகப் புரட்டிப்போடாது.

உங்கள் நோய்க்கு இது இன்னும் நேரடியாக ஒட்டும். பொத்தான் போடுவது, ஏற்கெனவே ஒருமுறை திறந்து மூடிய ஜாடியை மறுபடி திறப்பது, குழாயைத் திருகுவது பற்றியெல்லாம் கேட்கிற தாள் 1980இலிருந்தே மூட்டு நோய்க்காரர்களிடம் புழக்கத்தில் இருக்கிறது, உங்களிடம் வருவதும் அந்த வம்சம்தான் என்று நினைக்கிறேன். என்னிடம் வந்த ஒரு அம்மா பொத்தான் கேள்வியில் 'எந்தச் சிரமமும் இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். "இல்லைங்க, பொத்தான் வைச்ச சட்டையைப் போட்டே ரெண்டு வருஷம் ஆச்சு, அதான் சிரமம் தெரியலை" என்றார். அந்த நிமிடம் வரைக்கும் அவருக்கே அது தெரியாது. கை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்ததை உடை மாற்றி, பாத்திரம் மாற்றி, மகனைக் கூப்பிட்டுச் சமாளித்து வந்திருக்கிறார். நோய்க்குப் பழகப் பழக 'சிரமம்' என்ற சொல்லின் அளவே நமக்குள் மாறிப்போகிறது. அந்த ஒரு கேள்வியால்தான் அவர் கைப்பயிற்சிக்குப் போனார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முடக்குவாதத்தின் தீவிரத்தைக் கணக்குப் போட டாக்டர்கள் அதிகம் பயன்படுத்தும் ஸ்கோரில் 28 மூட்டுகளை அழுத்திப் பார்க்கிறார்கள், ரத்தப் பரிசோதனையைச் சேர்க்கிறார்கள், அதோடு நோயாளி தன் நிலைமைக்குத் தானே போடுகிற மார்க்கும் சேர்கிறது. மருந்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்பதில் உங்கள் பேனாவுக்கும் பங்கு உண்டு. அந்த இடத்தைக் காலியாக விடுவதில் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தின் மற்ற வரிகளில் இல்லாத நடுக்கம் அந்த வரியில் இருந்தது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது மனச்சோர்வை அளக்கிற பி.ஹெச்.க்யூ-9 என்ற தாளின் ஒன்பதாவது கேள்வி. 2001இலிருந்து இருக்கிறது. கடந்த 2 வாரத்தில் என்று தொடங்கி ஒன்பது விஷயங்களைக் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க், மொத்தம் 27. செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. உங்கள் முகத்தைப் பார்த்து யாரும் இதைச் சேர்க்கவில்லை, எல்லோருக்கும் போகிற தாள் இது. கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிவிடாதா என்ற பயம் உங்களுக்கு மட்டும் கிடையாது, டாக்டர்களுக்கும் இருந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் 6 பள்ளிகளில் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், இன்னொரு பிரிவினரிடம் கேட்கவில்லை, 2 நாள் கழித்து இரண்டு பிரிவையும் பார்த்தார்கள். 2005இல் முடிவு வந்தது: கேட்கப்பட்டவர்களிடம் மனக்கஷ்டமோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் இலகுவாகவே இருந்திருக்கிறது. யாராவது கேட்டார்களே என்ற இலகு.

அப்படியானால் உங்களுக்கு ஏன் சுற்றுகிறது? மருந்து சாப்பிடும்போது குரங்கை நினைக்காதே என்பார்களே, அதுதான். திடுக்கிட வைத்த வாக்கியத்தை வராதே வராதே என்று தள்ளினால் அது வந்து வந்து நிற்கும். ஒரு கேள்வியின் வார்த்தைகள் காதில் ஒலிப்பதும், வாழ்க்கை போதும் என்று உள்ளிருந்து தோன்றுவதும் வேறு வேறு. நீங்கள் எழுதியிருப்பது முதல் வகை, உங்களுக்கு அது பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று இருக்கிறது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று விடுங்கள், சண்டை போடாதீர்கள், அனேகமாகத் தானே மங்கிவிடும். ஆனால் எப்போதாவது அது கேள்வியாக இல்லாமல் உங்கள் சொந்த எண்ணமாக, ஆறுதலான ஒரு வழி போலத் தோன்ற ஆரம்பித்தால், எப்படி என்று யோசிக்கிற அளவுக்குப் போனால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே மகளிடம் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ போங்கள். தனியாக இருக்காதீர்கள்.

அந்தத் தாளின் மொத்த மார்க்கைப் பார்த்தும் பயப்படாதீர்கள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டர் உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும், அதற்கான அடையாளம் அது. தூக்கம், அசதி, பசி இந்த மூன்றையும் முடக்குவாதமே கெடுக்கும், மனச்சோர்வு துளி இல்லாமலேயே இவற்றில் மார்க் ஏறும். இதனால்தான் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்று, உடம்பு சம்பந்தப்பட்ட கேள்விகளைக் கூடியவரை ஒதுக்கிவிட்டு பதற்றத்தையும் மனச்சோர்வையும் அளக்கிற ஹாட்ஸ் என்ற தனித் தாளையே 1983இல் உருவாக்கினார்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. நிரப்பி வாங்கிக்கொண்டு யாரும் படிக்காத தாள். இதை என் அனுபவத்திலிருந்தே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் தாளை வாங்கிப் பார்த்தால் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்திருந்தார். நல்ல முன்னேற்றம் ஐயா என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மூணு தடவை தினமும்னு எழுதினேம்மா, யாரும் ஒண்ணும் கேக்கலை. அப்புறம் எதுக்கு எழுதணும்?" என்றார். ஃபைலைத் திறந்து பழைய தாள்களை எடுத்தேன். தூக்கம், 'தோற்றுப்போனவன் என்ற எண்ணம்' இரண்டிலும் மூன்று முறையும் கடைசிக் கட்டத்தில் டிக். ஓரத்தில் மொத்த மார்க்கைக் கூட்டி வட்டம் போட்டிருந்தது என் கையெழுத்து. கூட்டியிருக்கிறேன், படிக்கவில்லை. தாளில் மனசைத் திறந்து வைத்தவருக்கு நாங்கள் கற்றுக்கொடுத்த பாடம், இங்கே சொல்லிப் பிரயோஜனமில்லை என்பதுதான். அதற்கு மேல் ஒரு கேள்வித்தாள் நோயாளிக்குக் கெடுதல் செய்ய முடியாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

படித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. அமெரிக்காவில் முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பிரிவினர் வலி, வாந்தி, மூச்சுத்திணறல் போன்ற 12 தொந்தரவுகளைக் கணினி வழியாக அவ்வப்போது பதிவு செய்தார்கள், ஏதாவது மோசமானால் நர்சுக்கு உடனே தகவல் போனது. 2017இல் வெளிவந்த கணக்குப்படி அவர்களில் பாதிப் பேர் 31 மாதத்தைத் தாண்டி வாழ்ந்தார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப் பேர் தாண்டியது 26 மாதத்தைத்தான். கேள்விகள் சாதாரணமானவை. மறுமுனையில் ஒரு ஆள் இருந்தார், அவர் போனை எடுத்துப் பேசினார்.

பதிலை நோயாளிக்கே திருப்பிக் காட்டினாலும் பலன் உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திய 60 பேருக்கு, சில மாதம் நிஜ மாத்திரை, சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதம் வெறும் டப்பா என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, தினமும் தொந்தரவுக்கு மார்க் போடச் சொன்னார்கள். 2020இல் வந்தது முடிவு. நிஜ மாத்திரைக்கு விழுந்த தொந்தரவில் 90 சதவீதம் போலி மாத்திரைக்கும் விழுந்திருந்தது. அவரவர் மார்க்கை அவரவரிடமே காட்டியதும் பாதிப் பேர் மாத்திரையை மறுபடி எடுக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் கையால் போட்ட எண்தானே, அதனால் நம்பினார்கள்.

அதனால் நீங்கள் இப்படிச் செய்யுங்கள். தாளை முடிந்தால் தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள், மகள் பக்கத்தில் இருந்தால் அவள் மனசு கஷ்டப்படுமே என்று கை தானாகக் குறைத்துப் போடும், யாருக்கும் அப்படித்தான். கேள்வி கடந்த ஒரு வாரத்தைக் கேட்கிறதா, 2 வாரத்தையா, இந்த நிமிடத்தையா என்று முதலில் பாருங்கள், காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து விறைத்துப்போன முழங்காலை வைத்துப் போன வாரத்துக்கு மார்க் போடாதீர்கள். பழைய தாளில் என்ன போட்டோம் என்று யோசித்துச் சரிக்கட்ட வேண்டாம். ஒரு செயலைச் செய்வதையே விட்டுவிட்டீர்கள் என்றால் ஓரத்தில் அதை எழுதுங்கள், தாள் கேட்காத நல்ல விஷயத்தையும், வேலைக்குப் போகிறேன் என்பதையும் எழுதுங்கள், ஓரத்தில் எழுதக்கூடாது என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிட்டு, இதை நேரில் பேசுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டுக்கு வந்தபின் விரலுக்கு மார்க் போடுவதைத் தொடராதீர்கள், டாக்டர் கேட்டிருந்தால் தவிர. அன்று சாயங்காலம் கையையும் மனசையும் சேர்த்து இழுக்கிற வேலை ஏதாவது முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டாக்டர் அறைக்குள் போனதும், போன முறைக்கும் இந்த முறைக்கும் என் மார்க்கில் என்ன வித்தியாசம், அதை வைத்து என்ன மாற்றப்போகிறீர்கள் என்று கேளுங்கள். மகளையும் உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள், அவளும் கேட்கட்டும். தாளின் கடைசிப் பக்க ஓரத்தில் 'ஒன்பதாவது கேள்வியைப் பற்றிப் பேச வேண்டும்' என்று எழுதி வையுங்கள். படித்துவிட்டு அவர்களே பேச்சை எடுத்தால் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். எடுக்காவிட்டால் எழுந்து வருவதற்கு முன்னால் அந்த வரியில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.